சாய்த்தால் திறக்கும் பர்ஸ்

அந்தப் பர்ஸை முதலில் சோதித்துப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி. ரைஸ்மில்லில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் தவிட்டுத் தூசி இருந்தது.

அவள் தம்பி. நன்னிலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் வண்டி ஓட்டுகிறவன்.

கும்பகோணத்து வித்தைக்காரர். என்னைவிடச் சின்னவர். பர்ஸ் அவருடையது.

வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டோம். மின்விசிறி ஓடியும் புழுக்கம் போகவில்லை.

நான் மேஜிக் செய்து பிழைக்கிறவன். அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். பிறகு அப்பாவோடு வயலுக்குப் போனேன். நாற்றுக் கட்டு சுமந்தேன். ஊர் திருவிழாவுக்கு வந்த ஒரு மேஜிக் கோஷ்டிக்குப் பெட்டி தூக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்டேன். காதுகுத்து, கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா. காசை மறைப்பேன். சீட்டை மாற்றுவேன். வெறும் கையிலிருந்து கைக்குட்டை எடுப்பேன். எல்லாம் வலது கை செய்த வேலை. இடது கை சும்மா கூட இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வாய் கோணல் நேரானது. காலும் நடைக்கு வந்தது. வலது கையில் கடைசி மூன்று விரல் மட்டும் வரவில்லை. சோறு பிசையலாம். சட்டைக்குப் பித்தான் போட முடியாது. காசு விரலிடுக்கில் நிற்காது.

நிற்கும் என்று நினைத்து ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போனேன். மேடையில் காசு கீழே விழுந்து உருண்டு முதல் வரிசைக்குப் போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சிரிப்பு வரும்படிதான் உருண்டது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

மைத்துனன் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் மாமா என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான். உட்கார்ந்து இருக்கிறதைத்தான் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அது எனக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும். ஒருநாள் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றேன் என்று அவள் அதற்குப் பிறகு என்னைக் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை.

அப்போதுதான் அவன் இன்னொரு சேதியும் சொன்னான். மண்டபத்துக்காரர் தன் பேரனுக்குக் காது குத்துகிறார். மண்டபத்தை எடுக்கிறவர்களுக்குச் சாப்பாடு, மேளம், போட்டோ எல்லாவற்றோடும் மேஜிக் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். காதுகுத்து அன்றைக்கு நான் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் அந்த மண்டபத்தில் நடக்கிற விசேஷத்துக்கெல்லாம் நான்தான். பிடிக்காவிட்டால் குடோன்.

விரலில்லாதவன் எதைச் செய்து காட்டுவது? அதற்குத்தான் கும்பகோணத்துக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மனதில் இருப்பதைச் சொல்லும் வித்தை செய்கிறவர். அதில் கை வேலை குறைவு. பேச்சு வேலைதான். பேச்சும் எனக்குக் குறைவுதான். ஆனால் வாய் கோணலாக இல்லை.

அவர் பர்ஸை எடுத்துத் தரையில் வைத்தார். கறுப்புத் தோல். சாதாரணமாகக் கடையில் தொங்குகிற பர்ஸ் மாதிரிதான் இருந்தது. புத்தகம் மாதிரி விரிந்தது. ஒரு பக்கம் அட்டை சொருக ஓர் அறை. பார்க்கிறவர் ஓர் அட்டையில் எதையாவது எழுதி, எழுத்து தெரியாமல் அதில் சொருகி மூடிவிடுவார். பர்ஸ் என் கைக்கு வரும். அதை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பெருவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினால் தோல் மடிப்பு விலகும். உள்ளே இருக்கிற எழுத்து ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும். விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

என் மனைவியிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, மனதுக்குப் பிடித்த ஊர் பெயரை எழுதச் சொன்னார். அவள் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். சொருகினாள். அவர் வாங்கி, நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி, கோடியக்கரை என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அதான் பாத்துட்டீங்களே" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கண்ணு கீழ போயிட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்றப்ப இப்படித்தான் போவும்."

மைத்துனன் சிரித்தான். கும்பகோணத்துக்காரரும் சிரித்தார். அக்கா முன்னாடி செய்து தேறினால் ஊரில் எங்கேயும் செய்யலாம் என்றார்.

அவர் விலை கேட்கவில்லை. என் பெட்டியைக் கேட்டார். காசு வித்தை, சீட்டு வித்தை, குழாய், துணி, மடக்கு மேஜை எல்லாம் அடங்கிய பெட்டி. கையால் செய்கிற சாமான் பூராவும் அதில்தான். ஒரு வாரம் பர்ஸை வைத்துப் பாருங்கள், ஒத்துவந்தால் பெட்டியைக் கொடுங்கள், வராவிட்டால் பர்ஸைக் கொடுங்கள் என்றார். பெட்டியைக் கொடுத்தால் கை இனி வராது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. சரி என்றேன்.

அந்த வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. கலந்து கிடக்கிறது. ஞாபகம் இருக்கிறதைச் சொல்கிறேன்.

முதல் குறை, தைத்தவன் வலது கைக்காரன். அழுத்துகிற இடம் வலது பெருவிரலுக்கு நேராக இருந்தது. என் வலது பெருவிரலில் உயிர் இருந்தாலும் பர்ஸைத் தாங்கிப் பிடிக்க மற்ற விரல்கள் இல்லை. இடது கையில் பிடிக்க வேண்டுமென்றால் பர்ஸைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் உள்ளே எழுத்தும் தலைகீழாகத் தெரியும். எனக்கு நேராக இருக்கிற எழுத்தையே ஒவ்வொன்றாகத்தான் படிக்க வரும்.

டீக்கடைக்குப் போய்ப் பேப்பரைத் தலைகீழாக வைத்துப் படித்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்தவன் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தலைகீழாக "வானிலை" என்று ஒரே மூச்சில் படித்தேன். அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

இரண்டாவது, சத்தம். மூடி ஒட்டிக்கொள்ள உள்ளே காந்தம் வைத்துத் தைத்திருந்தது. மூடும்போது டக் என்றது. வீட்டில் அது தாழ்ப்பாள் போடுகிற மாதிரி கேட்டது. மண்டபத்தில் பாட்டுச் சத்தத்தில் கேட்காது என்று மைத்துனன் சொன்னான். நான் செய்யும்போது பாட்டை நிறுத்தித்தானே வைப்பார்கள் என்றேன். மனைவி காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை நறுக்கிக் காந்தத்தின் மேல் ஒட்டினாள். டக் போய் பொத் என்றது. பொத் பரவாயில்லை.

மூன்றாவது, அது யாருடைய பர்ஸாகவும் இல்லை. பளபளப்பாகக் காலியாக இருந்தது. நம் பக்கத்தில் பர்ஸ் வைத்திருக்கிறவர் அதில் என்னென்ன வைத்திருப்பார்? சாமி படம், பஸ் டிக்கெட், மாத்திரைச் சீட்டு, ஆதார் ஜெராக்ஸ், மடித்த விபூதிப் பொட்டலம். ஒன்றும் இல்லாத பர்ஸை நீட்டினால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் திணித்தோம். இப்போது பர்ஸ் உப்பிவிட்டது, மடிப்பு விலகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். விபூதிப் பொட்டலம்தான் தடுத்தது. அதை எடுத்துவிட்டேன். சாமி படம் இருந்தது. இரண்டு நாள் அதன் மேல் உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பழசானது.

நான்காவது குறையை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

மைத்துனனை எழுதச் சொன்னேன். எழுதிச் சொருகினான். சாய்த்தேன். அழுத்தினேன். பிள்ளையார் சுழி தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. ஊர் பெயர் அதற்குக் கீழே, மடிப்பு விலகுகிற இடத்துக்கு எட்டாமல் இருந்தது.

சுழி ஏன் போட்டாய், உன் அக்கா போடவில்லையே என்று கேட்டேன். பேப்பரில் எழுதச் சொன்னால் சுழி போடாமல் எப்படி எழுதுவது என்று அவன் என்னைக் கேட்டான். அதுவும் சரிதான். பக்கத்துத் தெருவில் நாலு பேரிடம் விளையாட்டுப் போல எழுத வைத்துப் பார்த்தேன். பெரியவர்கள் எல்லோரும் சுழி போட்டார்கள். பர்ஸைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் ஊரில் அட்டையை எடுத்ததும் நேராக விஷயத்தை எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது.

கூத்தாநல்லூரில் தெரிந்த ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் எழுதச் சொன்னேன். அவர் முதலில் மேலே 786 என்று போட்டார். பிறகுதான் ஊர் பெயரை எழுதினார். எனக்கு 786 மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவரிடம் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். எங்க ஆண்டவன் ஆனாலும் உங்க ஆண்டவன் ஆனாலும் உங்க பர்ஸுக்கு ஆகாது போலிருக்கே என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயலில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. காதுகுத்துக்கு நாலு நாள் இருந்தது. பர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். குடோன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அதில் நான் இருப்பேன். அதற்கு மேல் நினைக்க வரவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி ஈர்க்குச்சியால் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சுழியை நீங்களே போட்டுக் குடுங்களேன்" என்றாள்.

நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

"அட்டையில முன்னாடியே உச்சியில போட்டு வச்சுருங்க. அப்புறம் அவங்க கீழதான் எழுதணும். எவன் ரெண்டு சுழி போடுவான்?"

பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பர்ஸ் அறைக்குத் தகுந்த அளவில் வெட்டினாள். கெட்டி அட்டை. வெறும் பக்கத்தில் ஓரத்தை ஒட்டினாற்போல் சின்னதாகச் சுழி போட்டேன். மைத்துனன் எழுதினான். சாய்த்தேன். "மன்னார்குடி" தலைகீழாக முழுசாகத் தெரிந்தது.

பெட்டியைக் கும்பகோணத்துக்காரருக்குக் கொடுத்தேன். அவர் ஆட்டோ பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போனார். நான் வாசலுக்கு வரவில்லை.

பிறகு தினமும் சாயங்காலம் மனைவி என் கண்ணைப் பார்த்தாள். கண் கீழே போனால் போச்சு என்பாள். எழுதிய அட்டையைத் திரும்பத் திரும்பச் சொருகுவாள். ரைஸ்மில்லில் நின்று வந்தவள், தூக்கம் சொக்கினாலும் விடவில்லை. கண் கீழே போகாமல் பார்க்க முடியாது. ஆனால் வேறு ஒன்றுக்காகப் போகிற மாதிரி போகலாம். பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறபோது கண் கீழே போவது இயற்கை. அந்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கடைசி நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் உலை வைத்தாள். அதுதான் அவள் சொல்கிற விதம்.

காதுகுத்து மண்டபத்திலேயே நடந்தது. மேடையில் குழந்தைக்குக் காது குத்தி முடித்து, பந்தியும் பாதி முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டை நிறுத்தினார்கள். மொய் எழுதுகிற மேஜையில் மட்டும் பேர் கூவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

முதல் வரிசை நடுவில் மண்டபத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி. மடியில் பேரன் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவருக்கு வலது பக்கம் அவர் தங்கை. இடது பக்கம் ஓர் ஆள், ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் கடை மடிப்பு கலையாமல் இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முழுசாக உட்காரவில்லை. என் மனைவி பின்னால் தூண் பக்கம் இருந்தாள். மைத்துனன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் ஜக்கோடு வந்து நின்றான்.

மைக்கை ஸ்டாண்டில் வைக்கச் சொல்லியிருந்தேன். எனக்குப் பிடிக்கக் கை இல்லை.

வணக்கம் சொல்லிவிட்டு அதிகம் பேசாமல் ஆரம்பித்தேன். மண்டபத்துக்காரரின் தங்கையைக் கூப்பிட்டேன். பிடித்த ஊரை எழுதச் சொன்னேன். பர்ஸை அவர்களே மூடினார்கள். பேனாவை வாங்கினேன். பையில் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நீங்கள் நினைத்த ஊரில் கடல் இருக்கிறது என்றேன். உப்பு இருக்கிறது, பறவை இருக்கிறது என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோடியக்கரை என்றேன். அன்றைக்கு என் மனைவி எழுதின அதே ஊர்.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் கூட்டிப் போன இடம் என்று மைக்கில் சொன்னார்கள். வீட்டுக்காரர் இப்போது இல்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் வந்தது. பந்தியிலிருந்து எழுந்துவந்து பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மண்டபத்துக்காரர் பேரனைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு அவரும் தட்டினார். மைத்துனனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் ஜக்கைக் கீழே வைத்துவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

மண்டபத்துக்காரர் கையைத் தூக்கினார். மாஸ்டர், கடைசியா ஒண்ணு என்றார். பக்கத்தில் இருந்தவரின் தோளில் கை போட்டார். கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நம்ம நெலத்தை இவருதான் வாரத்துக்குப் பண்றாரு. வெளையறதுல பாதி எனக்கு, பாதி அவருக்கு. இந்த சம்பாவுக்கு ஒரு மா நெலத்துக்குப் பதினொரு மூட்டைதான் கண்டுச்சுன்னாரு. நானும் சரின்னு வாங்கிக்கிட்டேன். பக்கத்து வயக்காரன் வேற மாதிரி சொல்றான். எதுக்குச் சண்டை? மனசுல என்ன இருக்குன்னு நம்ம மாஸ்டர் பாத்துச் சொல்லட்டும்."

கூட்டம் சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் நிஜமான கண்டுமுதலை, வயலில் விளைந்த அளவை, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூடச் சொன்னால் கண் படும். குறையச் சொன்னால் இளக்காரம். வாரத்துக்குப் பண்ணுகிறவர் எத்தனை என்று சொல்கிறாரோ அதில்தான் அவருடைய அடுத்த வருஷம் இருக்கிறது. நிலத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட ஒரு சொல் போதும். சபையில் வந்த சொல் என்றால் திரும்ப எடுக்க முடியாது.

நான் அய்யா, எண் வேண்டாம், ஊர் பெயர்தான் எனக்குச் சரியாக வரும் என்றேன். ஊர் பேரே வருது, எண்ணு வராதா என்றார். கூட்டத்தில் ஒருவர், மாஸ்டர் பயப்படுறாருடோய் என்றார். மைத்துனன் என்னைப் பார்த்தான். செய்யுங்க மாமா என்று உதடு அசைந்தது.

அந்த ஆள் மேடைக்கு வந்துவிட்டார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். அட்டையைக் கொடுத்தேன். பேனாவைக் கொடுத்தேன். வாங்குகிறபோது விரல் பட்டது. சில்லென்றிருந்தது. மைக்குக்கு எட்டாமல், உதடு பிரியாமல் கேட்டார்.

"நெசமாவே தெரிஞ்சுடுமாண்ணே?"

முதல் வரிசை ஆறடியில் இருந்தது. மண்டபத்துக்காரர் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தெரியாது என்று சொல்ல ஒரு வித்தைக்காரனைக் கூப்பிடுவார்களா?

அவர் திரும்பி நின்று எழுதினார். எண் எழுத இவ்வளவு நேரம் ஆகாது. சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். சும்மா பதினொன்று என்று எழுதிவிட்டு வா என்று நான் மனதில் சொன்னேன். பதினொன்று என்று எழுதினால் நான் பதினொன்று என்பேன். எடுத்துக் காட்டுவேன். வித்தையும் சரி, அவரும் சரி. ஆனால் அவர் என்னை நம்பிவிட்டார். கோடியக்கரையைப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார். மனதைப் படிக்கிறவனிடம் பொய் எழுதி என்ன பிரயோஜனம் என்று நினைத்திருக்க வேண்டும்.

சொருகினார். மூடினார். பொத் என்றது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

பர்ஸை இடது கையில் வாங்கினேன். பேனாவை வாங்கிப் பையில் வைத்தேன். சாய்த்தேன். அழுத்தினேன்.

14 என்று இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், சொல்லிடாதீங்கண்ணே என்று இருந்தது.

தலைகீழாகப் படிக்கப் பழகியிருந்தேன். ஒரே மூச்சில் படித்தேன்.

விரலை எடுக்க மறந்துவிட்டேன் என்று மனைவி பிறகு சொன்னாள். கண் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டதாம். தூண் பக்கத்திலிருந்து அவளுக்கே தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பர்ஸை மூடினேன். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. கீழே விட்டு வந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் குடோன். பதினாலு என்று சொன்னால் மண்டபம் கூரை பிய்த்துக்கொள்ளும். மண்டபத்துக்காரர் இன்றைக்கே பேசி முடித்துவிடுவார். நானாகவா கேட்டேன்? அவர்தான் கேட்டார், இவர்தான் எழுதினார். நான் எழுதினதைச் சொல்கிறவன்தானே. இப்படியெல்லாம் ஓடியது. ஓடியதைச் சொல்கிறேன், மறைக்கவில்லை.

மண்டபத்துக்காரர் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். சிரித்தபடிதான் வந்தார்.

"சொல்லுங்க மாஸ்டர். பதினொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை நானே சொல்லிட்டேன். அதுக்கு நீங்க எதுக்கு?"

கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் கையை நீட்டினார். பர்ஸைக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் சொன்னதும் அட்டையை எடுத்துப் பார்க்கப் போகிறார். நான் எதைச் சொன்னாலும் அட்டை அதன் கதையைச் சொல்லிவிடும்.

கிழிக்க வலது கை உதவாது. மேடையில் எரிக்க நெருப்பு இல்லை.

பர்ஸை நெஞ்சோடு அணைத்து, இரண்டு விரலால் அட்டையை உருவினேன். எழுத்தை உள்பக்கம் வைத்து உள்ளங்கையில் ஒரு மடிப்பு மடித்தேன். வாயில் போட்டுக்கொண்டேன்.

முதலில் குழந்தைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இதுவும் வித்தையில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டல்கூட வந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டை லேசில் மெல்ல முடியாது. மை கசந்தது. பக்கவாதம் வந்த பக்கத்தில் சிக்கிக்கொண்டது. நாக்கால் இந்தப் பக்கம் தள்ளி மென்றேன். மண்டபத்துக்காரர் நீட்டின கையை இறக்காமல் நின்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விவரமான ஆள்.

மைத்துனன் ஜக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தான். தண்ணீர் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். என்ன மாமா செய்யிறீங்க என்று இருந்தது. குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது. அட்டை தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது.

அந்த ஆள் இப்போது என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் மண்டபத்துக்காரரும் பார்ப்பார்.

பின்னால் தூண் பக்கம் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு எண் தெரியாது. அட்டையில் இருந்தது எதுவும் தெரியாது. கிளம்ப வேண்டும் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

"விழுங்கியாச்சா? இப்ப சொல்லுங்க" என்றார் மண்டபத்துக்காரர். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

மைக் பக்கம் போனேன். தொண்டையைச் செருமினேன். கூட்டம் அடங்கியது. ஏற்கெனவே எல்லோரும் கேட்டுவிட்ட எண்ணை, அதைச் சொல்ல எந்த வித்தையும் தேவையில்லாத எண்ணை, மைக்கில் தெளிவாகச் சொன்னேன்.

பதினொன்று.